குருத்தணு மருத்துவமும் விலைப்படும் நம்பிக்கையும்

உணவின்றிச் சில வாரமும், நீரின்றிச் சில நாளும் மனிதன் உயிர் தாங்குவான். மூச்சின்றிச் சில நிமிடமும் தாங்கான். ஆயினும், உண்ணும் சோற்றை அளந்து பார்ப்பார் பலர். இழுக்கும் மூச்சை எண்ணிப் பார்ப்பார் இலர். மூச்சை எண்ணத் தொடங்கியவர் நோயுற்றவரே யாவர்.

அங்ஙனம் எண்ண வைக்கும் நோய்களுள் ஒன்று நுரையீரல் தழும்பு நோய். இதனைக் குருத்தணு மருத்துவத்தால் மாற்றிவிடலாம் என்று பறைசாற்றிப் பொருள் ஈட்டுவார் இந்நாளில் மலிந்துள்ளனர். அம்மருத்துவத்தின் உண்மை நிலை யாது? ஆராய்ந்து முடியாத மருந்தை நோயாளிக்கு விலைக்கு விற்றல் தகுமோ? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியம் பயிலும் மாணவர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கலாம். இவ்வாணிகத்தில் முதலில் விற்கப்படும் பண்டம் மருந்தன்று, சொல்லே என்பது எமது விடை. சொல்லைப் பற்றிப் பேச எமக்கும் ஒரு சிறிது உரிமை உண்டன்றோ?

முதற்கண் நோயின் இயல்பை நோக்குவோம். நம் நுரையீரல்களுள் காற்றுச் சிற்றறைகள் முப்பது கோடிக்கு மேல் உள்ளன. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய எழுபது சதுர மீட்டர் ஆகும். நம் கல்லூரி வகுப்பறை ஒன்றின் தளத்தை அது நிறைத்துவிடும். அச்சுவரின் ஒருபால் காற்று; மறுபால் குருதி. சுவர் மிக மெல்லியதாய் இருத்தலினாலேயே உயிர்வளி குருதியுட் புகுகின்றது. கையில் ஒரு வெட்டுக்காயம் பட்டால், உடல் நார்ப்பொருளைச் சுரந்து தழும்பிட்டு அதனை ஆற்றுகின்றது. கையிலே அது நன்மை. அதே வினை அச்சிற்றறைகளின் இடையே ஓயாது நிகழுமாயின், மெல்லிய சுவர் தடித்து இறுகுகின்றது. நுரையீரல் விரிய மாட்டாது சுருங்குகின்றது. நோய் முதிர்ந்தவிடத்து அது தேன்கூடு போன்ற வடிவெய்தும் என்று மருத்துவர் உரைப்பர். கல்லுடைக்கும் தொழிலாளர் உட்கொள்ளும் சிலிக்காத் தூசியும், கல்நார்த் தூசியும், புறாக்களின் எச்சமும், மூட்டுவாத நோயும், மருந்துகள் சிலவும் இதற்குக் காரணமாகலாம். காரணம் புலப்படாது முதியோரைப் பற்றும் வகையே மிகக் கொடியது. அவ்வகைப்பட்டு, தக்க மருந்தின்றி விடப்பட்டோருள் பாதிப்பேர் நோய் அறியப்பட்ட நாள் முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபடுகின்றனர்.

இந்நோயை யாம் நூலில் மட்டும் கண்டிலோம். யாம் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்றபோது எம் பாட்டனாரை இது பற்றியது. அவர் சிற்றூர்ப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் இரண்டு கல் தொலைவு நடந்தவர். வறட்டிருமல் தொடங்கிய ஆண்டிலேயே அவர் நடை வாயிற்படியோடு நின்றது. மருத்துவர் ஒருவர் அவர் முதுகில் ஒலிமானியை வைத்துக் கேட்டு, பின்னர் எம்மையும் கேட்கச் செய்தார். காய்ந்த பனையோலையை மெல்ல மடக்குங்கால் எழும் ஓசை எம் செவியில் விழுந்தது. அம்மருத்துவர் நல்லவர், பொய் புகலாதவர். ஆயினும், "இதற்கு மேல் செய்வதற்கு அதிகமில்லை" என்னும் ஒரு வாக்கியத்தோடு அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். அன்றிரவே எம் குடும்பத்தார் கைப்பேசியில் வேறு வாக்கியம் தேடத் தொடங்கினர், தேடியது கிடைத்தது. பெருநகரத்து மருத்துவ நிலையம் ஒன்று, "பழுதுற்ற நுரையீரல் மீண்டும் தளிர்க்கும்" என்று இனிய தமிழில் எழுதியிருந்தது. அதன் கட்டணம் நான்கு இலட்சம் ரூபாய். எம் பாட்டியாரின் நகைகள் அடகுக்கடை சென்றன. பாட்டனாரின் வயிற்றிலிருந்து கொழுப்பைச் சிறிது எடுத்து, ஏதோ செய்து, அன்று மாலையே குருதிக்குழாய் வழியாக உட்செலுத்தி அனுப்பிவிட்டனர். எட்டாந் திங்களில் அவர் காலமானார்.

நிற்க. குருத்தணு என்பது யாது? ஆங்கிலத்தார் ஸ்டெம் செல் என வழங்குவதனை நாம் குருத்தணு என்கின்றோம். தானும் பெருகித் தன்னினின்று வேறு வகை அணுக்களையும் தோற்றுவிக்க வல்லது எதுவோ அது குருத்தணு. குருத்து என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே தமிழர் உள்ளம் பனையின் உச்சியிலும் வாழையின் நடுவிலும் சென்று நிற்கும். எத்தனை ஓலை காய்ந்து வீழ்ந்தாலும் குருத்து உள்ளவரை மரம் சாவதில்லை. இத்துணை அழகிய சொல் வாய்த்தமை மொழிக்குப் பேறு. நோயாளிக்கோ அதுவே கண்ணியாயிற்று. சொல் காட்டும் காட்சியை மருந்து காட்டும் பயனாக மயங்குவது எளிது. எம் பாட்டனாரும் அங்ஙனமே மயங்கினார். அவர் முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்தவர்.

குருத்தணு மருத்துவம் முற்றும் பொய் என்று யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. குருதிக்குரிய குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் உள்ளன. அம்மச்சையைப் பிறர்க்கு ஏற்றும் முயற்சியை டொனால் தாமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொடக்கத்தில் நோயாளிகள் பலர் இறந்தனர், அவர் தோல்வியை மறைத்திலர், எழுதி வைத்தார், திருத்தினார். 1990ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இடையிற் கழிந்தவை முப்பத்து மூன்று ஆண்டுகள். இன்று அம்மருத்துவம் குருதிப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் ஐயத்திற்கிடமற்ற மருந்தாகும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது.

நுரையீரல் தழும்புக்கு விற்கப்படுவது இதுவன்று. மச்சையிலும் கொழுப்பிலும் தொப்புள்கொடியிலும் காணப்படும் வேறொரு வகை அணுக்களே ஈண்டுப் பேசப்படுவன. அவற்றிற்கு 1991ஆம் ஆண்டில் குருத்தணு என்னும் பெயரை வழங்கச் செய்தவர் ஆர்னால்டு காப்ளான் என்னும் அமெரிக்க அறிஞர். அவரே 2017ஆம் ஆண்டில், இப்பெயரை மாற்றுங் காலம் வந்துவிட்டது என்று எழுதினார். இவை உடலிற் புகுந்து புதிய உறுப்பாய் வளர்வன அல்ல. சில நீர்களைச் சுரந்து சுற்றியுள்ள அணுக்களுக்குக் குறிப்புத் தருவனவே. ஆதலின் குருத்தணு என்னும் பெயர் மக்களை மயக்குகின்றது என்பது அவர் கருத்து. பெயரிட்டவரே பெயரைத் திரும்பப் பெற விழைந்த இச்செய்தி, சொல்லாராய்ச்சி செய்யும் நம்மனோர் உள்ளத்திற் பதியத் தக்கது. குருதிக்குழாய் வழிச் செலுத்தப்பெற்ற இவ்வணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களிலே முதலில் தங்குவது மெய்யே. விற்போர் அம்மெய்யை உரக்கக் கூறுவர். அங்ஙனம் தங்கியவற்றுட் பெரும்பாலன சில நாட்களிலேயே மறைந்துபோம் என்னும் மறுபாதியைக் கூறார்.

அற்றேல் இத்துறையில் மெய்யான ஆராய்ச்சி இல்லையோ எனின், உண்டு. ஆஸ்திரேலிய நாட்டில் எட்டு நோயாளிகட்கு நஞ்சுக்கொடியினின்று எடுத்த அணுக்களைச் செலுத்திக் கண்ட முடிபு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டு மயாமியில் ஒன்பது நோயாளிகட்குச் செலுத்திக் கண்ட முடிபு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்விரண்டும் அணுக்கள் தீங்கு செய்யுமோ என்று அறியச் செய்தவையே. நோய் தீருமோ என்று அறியச் செய்தவை அல்ல. 2020ஆம் ஆண்டில் ரஷ்ய ஆராய்ச்சியாளர் இருபது நோயாளிகளை இரு கூறாக்கி, பத்துப் பேர்க்கு அணுக்களையும் பத்துப் பேர்க்குப் போலி மருந்தையும் கொடுத்து ஓராண்டு நோக்கினர். அணுக்கள் பெற்றவர்தம் மூச்சளவு ஓரளவு நன்னிலையில் இருந்தது. இது மகிழ்தற்குரிய குறிப்பேயாயினும், பத்துப் பேரைக் கொண்டு உலகத்து நோயாளர் அனைவர்க்கும் முடிபு கட்டுதல் பொருந்தாது. விதை முளைத்திருக்கலாம், அறுவடைக்கு விலை பேசுங் காலம் இன்னும் வந்திலது.

ஆயின் சந்தையோ ஆராய்ச்சிக்குக் காத்திராது விரைந்து வளர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் 351 நிறுவனங்கள் 570 மருத்துவ நிலையங்களில் இத்தகைய குருத்தணு மருத்துவத்தை நேரே நோயாளிகட்கு விற்று வந்தமையை 2016ஆம் ஆண்டில் இருவர் எண்ணி வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் மற்றுமோர் அறிக்கை வெளிவந்தது. புளோரிடா மாநிலத்தில் பார்வை மங்கிய மூதாட்டியர் மூவர், தத்தம் வயிற்றுக் கொழுப்பினின்று எடுத்த அணுக்களைக் கண்ணிற் செலுத்தப்பெற்று, இருந்த பார்வையையும் பெரும்பாலும் இழந்தனர். அதற்கென ஒவ்வொருவரும் ஐயாயிரம் டாலர் செலுத்தியிருந்தனர். "உம் உடலினின்று எடுத்து உமக்கே தருகின்றோம், இதில் தீங்கு எங்ஙனம் வரும்?" என்று கேட்பார்க்கு அம்மூவர் கண்களே விடையாகும். அத்தகைய கொழுப்பணு மருத்துவம் மருந்துச் சட்டத்திற்கு உட்பட்டதே என்று அம்மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தது. மேல்முறையீட்டு மன்றமும் 2021ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது.

இனி எதிர்வாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "சாவை எதிர்நோக்கி இருப்பவன் தன் பொருளைத் தான் விரும்பியபடி செலவிட்டால் உமக்கென்ன? நலம் வரின் வரட்டும். வாராவிடின் கெடுவது யாது?" என்பர் சிலர். இது வலியுடைய வாதம். நோயாளியின் அருகில் அமர்ந்து பாராதவரே இதனை எளிதில் தள்ளுவர். மருத்துவத்திற்குப் பின் மூன்று வாரம் தமக்கு மூச்சு எளிதாயிற்று என்று எம் பாட்டனார் கூறினார். திண்ணை வரை நடந்தும் காட்டினார். அம்மூன்று வாரத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால், இந்நோய் ஒரே சீராய் இறங்குவதன்று. சில திங்கள் நின்று, பின்னர்த் திடுமெனச் சரிவதும் உண்டு. நின்ற திங்களில் எந்த நீரைக் குடித்தாலும் அந்த நீரே மருந்தெனத் தோன்றும். விளம்பரத்தில் சான்று பகர்வோர் அத்திங்களில் நிற்பவரே. சரிந்தவர் சான்று பகர வருவதில்லை.

கெடுவது யாது என்னும் வினாவுக்கு இந்நோயின் வரலாற்றிலேயே தெளிந்த விடை உண்டு. பிரெட்னிசோன், அசத்தயோப்ரின், அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பல்லாண்டு உலகெங்கும் வழக்கமாயிருந்தது. கொடுத்தவர் வாணிகர் அல்லர். கற்றுத் தேர்ந்த நன்மருத்துவர். ஒருசிறிது பயன்தரும் என்று நம்பியே கொடுத்தனர். பின்னர் அமெரிக்க நாட்டில் அதனை முறையாகச் சோதித்தனர். 77 பேர்க்கு அம்மூன்று மருந்தையும், 78 பேர்க்குப் போலி மருந்தையும் கொடுத்தனர். இடையிற் கணக்கிட்டபோது போலி மருந்து பெற்றோருள் ஒருவரும், மும்மருந்து பெற்றோருள் எண்மரும் இறந்திருந்தனர். 2011ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அப்பகுதியை உடனே நிறுத்தினர். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே நஞ்சாயிற்று என்பதை, சோதனையன்றி வேறெதுவும் காட்டியிராது. சோதனையைத் தாண்டிச் செல்வோம் என்பார், அவ்வெண்மரை மறந்துவிட்டுப் பேசுகின்றனர்.

பொருட்கேடும் சிறிதன்று. பிர்பெனிடோன், நிண்டெடனிப் என்னும் இரு மருந்துகள் இத்தழும்பு பரவுதலைத் தாமதப்படுத்தும் என்று பெருஞ் சோதனைகளால் தெளியப்பட்டு, 2014ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமெரிக்க நாட்டு மருந்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்றன. முன்னதற்கு ஜப்பான் நாடு 2008ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் அளித்திருந்தது. இரண்டும் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. இவை நோயை மாற்றுவன அல்ல. வயிற்றுப்போக்கும் குமட்டலும் தருவன. அவற்றை ஆக்குவோரும் அங்ஙனமே எழுதியுள்ளனர். மெய்ம்மருந்து தன் எல்லையைத் தானே கூறுகின்றது என்பதற்கு இது சான்றாகும். எம் பாட்டனார் அவற்றை உட்கொள்ளவே இல்லை. நகை அடகு வைத்த பணம் வேறு வழியிற் சென்றுவிட்டது.

ஆகவே எமது கருத்து இதுவாகும். சோதித்து முடியாத மருந்தை நோயாளி விரும்பின் ஏற்கலாம். ஆனால் அவர் அதற்கு விலை கொடுத்தல் கூடாது. ஆராய்ச்சிக்குத் தம் உடலைத் தருபவர் கொடையாளர். கொடையாளரிடமே கட்டணம் பெறுதல் எந்நாட்டு அறம்? பொருள் பெறுவோன் தோல்வியை எழுதி வைக்க மாட்டான். எழுதினால் நாளை எவரும் வாரார். எழுதப்படாத தோல்வியினின்று எந்த மருத்துவமும் வளராது. இவ்வாணிகம் நோயாளியை ஏமாற்றுவதோடு நில்லாது, குருத்தணு மருத்துவம் என்றேனும் மெய்யாகுமாயின் அந்நாளையும் தள்ளிப்போடுகின்றது. ஆராய்ச்சிக்கு வேண்டிய நோயாளிகளை வாணிகர் ஈர்த்துக்கொண்டால் ஆராய்ச்சி யாரைக்கொண்டு நடைபெறும்?

நம் நாட்டு விதியும் இதனை ஒட்டியதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு முறைகள், குருதி நோய்கட்குரிய மச்சை மாற்று நீங்கலாக, ஏனைய குருத்தணு மருத்துவம் அனைத்தும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன என்றும், ஒப்புதல் பெற்ற சோதனைக்கு வெளியே அவற்றை நோயாளிகட்குச் செய்தல் ஆகாது என்றும் தெளிவுறக் கூறுகின்றன. விதி இருந்தும் எம் வீட்டார் அறிந்திலர். அஃது ஏன்? வழிகாட்டு முறைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. விளம்பரமோ தமிழில் எழுதப்பட்டது. உண்மை அயன்மொழியில் பேசிக்கொண்டிருக்க, பொய் மட்டும் தாய்மொழியில் வீடு தேடி வந்தது. இதனை நினைக்குந்தோறும், தமிழ் பயிலும் எமக்கு வெட்கமே மேலிடுகின்றது.

நம் கல்லூரியில் உயிரியல் பயில்வார் உளர். தமிழ் பயில்வாரும் உளர். இவ்விரு சாராரும் திங்கட்கு ஒருமுறை ஒருங்கமர்ந்து, ஒரு நோயைப் பற்றி இரண்டு பக்கம் எளிய தமிழில் எழுதுவோமாயின், பழைய மாணவராகிய மருத்துவர் அதனைத் திருத்தித் தருவாராயின், விடுமுறையில் ஊர் செல்வோர் அதனைக் கையோடு கொண்டு செல்வராயின், அது சிறு தொண்டாகாது. தழும்பு நோயைப் பற்றிய முதற் பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதலாம். இது சோதனையாயின் என்னிடம் பணம் கேட்பது ஏன்? இதற்கு ஒப்புதல் அளித்த அறநெறிக் குழு யாது? பயனின்றிப் போனவர் எத்தனை பேர்? இம்மூன்றுக்கும் முகங்கோணாது விடை தருபவரிடம் நோயாளி அமரலாம். ஏனையோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மருத்துவர்க்கும் பணிவுடன் ஒன்று கூறுவோம். "செய்வதற்கு அதிகமில்லை" என்னும் வாக்கியமே நோயாளியை வாணிகனிடம் துரத்துகின்றது. செய்வதற்கு உண்டு. தழும்பைத் தாமதப்படுத்தும் மாத்திரை உண்டு. மூச்சுப் பயிற்சி உண்டு. வீட்டிலேயே உயிர்வளி தரும் கருவி உண்டு. தக்கவர்க்கு நுரையீரல் மாற்று அறுவையும் உண்டு, அது சென்னையிலேயே நடைபெறுகின்றது. எதுவும் பயன்படாத கடைநாளில் துன்பந் தணிக்கும் மருத்துவமும் உண்டு. இவற்றை எடுத்துக் கூறக் கால் நாழிகை போதும். அக்கால் நாழிகை எம் பாட்டனார்க்குக் கிடைத்திருக்குமாயின், எங்கள் தேடல் அன்றிரவு வேறு வழியிற் சென்றிருக்கலாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என்பன அவை. நம்பிக்கையை விற்பவனுக்கு அந்நான்கனுள் இடமில்லை. முதல் மூன்றும் நம்மில் பலர்க்கு எய்துவன அல்ல; நான்காவது இடம் எவர்க்கும் உரியது. கூட நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, படிக்க வேண்டியதைப் படித்துக் காட்டும் துணைவன் ஒருவன் ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் இருத்தல் வேண்டும். எம் பாட்டனாரின் அருகில் அன்று யாம் இருந்தோம். கேட்க அறியாமல் இருந்தோம். இவ்விதழைப் படிப்போர் இல்லத்தில் அத்தகைய நாள் வருமாயின், கேட்க அறிந்து இருப்பார்களாக.